சல்யூட்டுக்கு ஒதுங்கும் சுவர்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் பின்னால் உள்ள காலனியில், சளியோ காய்ச்சலோ உள்ளவர் யாராவது படியேறினால் பிரின்சி வீட்டு வாசல் சுவராகிவிடும். பூச்சும் வெள்ளையடிப்பும் சேர்ந்த நல்ல செங்கல் சுவர். ஆள் திரும்பிப் போனதும் மறுபடி வாசலாகும். கட்டும்போது அப்படி இல்லை. பிரின்சிக்கு நாலு வயதிருக்கும்போது, அரிவாள் போல வளைந்த அவளுடைய ரத்த அணுக்கள் மண்ணீரலை அடைத்துத் தீர்த்துவிட்டன என்றும், கிருமியை எதிர்த்து நிற்கிற புரதமும் அவள் உடம்பில் போதவில்லை என்றும் சென்னை டாக்டர் சொன்னார். பிறருக்கு மூக்கொழுகலோடு போகிற கிருமி இவள் ரத்தத்தில் இறங்கினால் ஒரே நாளில் ஆளை முடித்துவிடும்; காய்ச்சல் கண்டால் மாத்திரை போட்டுப் படுக்கக்கூடாது, ஓடிவந்துவிட வேண்டும். அந்த வாரமே வீடு காவலை எடுத்துக்கொண்டது.

அவளுடைய அப்பா ஸ்டீபன் ஓர் இரும்பாலை கேட்டில் செக்யூரிட்டி. வீட்டுக்கு ட்ரெய்னிங் கொடுத்தது தான்தான் என்று டீக்கடையில் சொல்லிக்கொள்வார். தனக்கே இருமல் வந்த நாட்களில் தெருவில் கட்டில் போட்டுப் படுத்ததை மட்டும் சொல்லமாட்டார். லேபர் காண்டிராக்டர்கள் புது ஆட்களை அந்தப் படியில் ஏற்றிப் பார்த்து வேலைக்கு எடுத்தார்கள்; பக்கத்து ரத்தப் பரிசோதனை நிலையம் வியாபாரமில்லாமல் மூடிவிட்டது. குணமளிக்கும் கூட்டம் நடத்துகிற போதகர் ஒருவர் சுவர்மேல் கைவைத்து நெடுநேரம் ஜெபித்துவிட்டுத் தும்மிக்கொண்டே போனார். இதற்கிடையில் பிரின்சிக்கு உள்ளேயே இருபத்திரண்டு வயதாகிவிட்டது. பார்க்க வந்த தோழிகளில் பாதிப் பேர் சுவரைப் பார்த்துவிட்டுப் போனார்கள். தண்டவாளத்தில் போவது சரக்கு ரயிலா, சென்னைக்கு ஆளேற்றிப் போகிற யூனிட் வண்டியா என்று சத்தத்தை வைத்தே அவளால் சொல்ல முடியும். அந்தக் கூட்டத்தில் ஏறிப் போகத்தான் முடியாது.

ஒன்றியக் கவுன்சிலர் ராஜமாணிக்கம், பெயருக்கு முன்னால் ஆரோக்கியச் சுடர் என்று தானே போட்டுக்கொண்டவர், அரிவாள் அணு நோய்க்கான உலக தினத்தன்று வெள்ளைக் காரில் சால்வையோடு இருமிக்கொண்டே வந்திறங்கினார். சுவர் எழும்பும் என்று காலனி காத்திருந்தது. ஸ்டீபன் பழக்கதோஷத்தில் காலைத் தட்டி ஒரு சல்யூட் வைத்தார். வாசல் வழக்கத்தைவிட ஓரடி அகலமாகத் திறந்துகொண்டது. ஆலை கேட்டிலும் அதுதானே நடைமுறை: தொழிலாளியின் டிபன் டப்பாவைக் கிளறுவார்கள், முதலாளியின் கார் டிக்கியைத் தொடமாட்டார்கள். ஸ்டீபனிடம் தொழில் கற்ற வீடு வேறென்ன செய்யும். கவுன்சிலர் பிரின்சிக்குச் சால்வை போர்த்தி, நோய்த்தடுப்பு பற்றி அரைமணி நேரம் அவள் முகத்துக்கு நேராக இருமிவிட்டுப் போனார்.

மூன்றாம் நாள் காலை அவளுக்குக் குளிரெடுத்தது. அம்மா ஏஞ்சலின் ஷேர் ஆட்டோ கொண்டுவர ஓடினாள். பிரின்சி செருப்பை மாட்டிக்கொண்டு வந்தபோது எதிரே சுவர் நின்றது. கிருமியோடு வருகிறவரை விடக்கூடாது என்பதுதான் அதற்குத் தெரிந்த சட்டம். எந்தப் பக்கத்திலிருந்து வருகிறவரை என்று யாரும் சொல்லித்தரவில்லை. ஜன்னல்களும் சுவராயின. குளியலறை வென்டிலேட்டர் மட்டும் மிச்சம். ஆலையிலிருந்து டிரில்லிங் மெஷின் வந்தது. உடைத்த செங்கல் தரையில் விழுவதற்குள் அடுத்தது முளைத்தது. ராஜமாணிக்கமும் வந்தார். இந்தமுறை அவருக்கும் திறக்காததால், சுவரைக் கண்டித்து ஓர் அறிக்கை விட்டுவிட்டுப் போனார்.

உள்ளே மூச்சிழுத்தால் விலா குத்தியது. பிரின்சி வாளியைக் கவிழ்த்து ஏறி, வென்டிலேட்டரில் வாய் வைத்து, வெளியே நின்ற அப்பாவைக் கூப்பிட்டாள்.

"நைனா, அன்னிக்கு கவுன்சிலருக்கு இன்னா பண்ண?"

"இன்னா பண்ணேன்? சல்யூட் அட்ச்சேன்."

"இன்னிக்கு அட்ச்சியா?"

"நீ உள்ள மாட்டிக்கினு கீற. அதெல்லாம் எங்க தோணும்?"

"அப்ப எனுக்கு ஒண்ணு அடி."

ஸ்டீபன் திரும்பிப் பார்த்தார். கேட்டில் யார் யாருடைய டிபன் டப்பாவை அவர் கிளறியிருந்தாரோ அத்தனை பேரும் தெருவில் நின்றிருந்தார்கள். தினம் வேலைக்குப் போய்ச் சம்பாதிக்கிற மகளுக்கு அப்பன் சல்யூட் அடித்தாலே சிரிப்பார்கள். வீட்டிலேயே கிடக்கிற மகளுக்கு என்றால் கேட்கவே வேண்டாம்.

ஏஞ்சலின் கூட்டிவந்த ஷேர் ஆட்டோக்காரன் லோகு இன்ஜினை அணைக்காமலே சொன்னான்: "தூக்கு சார். அந்தக் கை முதலாளிக்குன்னாதான் ஏறுமா?"

ஸ்டீபன் லுங்கியை இறக்கிவிட்டுக்கொண்டார். வெறுங்காலைத் தரையில் தட்டி, கையை நெற்றிக்கு ஏற்றி, அப்படியே நின்றார். யாரும் சிரிக்கவில்லை. வீடு கொஞ்சம் யோசித்தது. பிறகு செங்கற்கள் மரியாதையாக இரண்டு பக்கமும் ஒதுங்கின.

ஊசி நேரத்துக்கு ஏறியது. இன்னும் தாமதித்திருந்தால் என்று டாக்டர் தொடங்கியதை ஏஞ்சலின் கேட்க மறுத்துவிட்டாள். ஆனால் அன்றிலிருந்து வீட்டுக்குப் பிரின்சிமேலேயே சந்தேகம்; அவள் செருப்பைத் தொட்டாலே வாசல் அடைத்துக்கொள்ளும். இனி மாதம் ஒருமுறை எதிர்ப்புப் புரதத்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றிக்கொள்ள அவள் சென்னைக்குப் போகவேண்டும். ஸ்டீபன் டூட்டியில் இருந்தால், தெருவில் போகிற மீன்காரியோ கேபிள்காரரோ நின்று ஒரு சல்யூட் வைத்துவிட்டுத் தங்கள் வேலைக்குப் போகிறார்கள். பிரின்சி தலையை லேசாக அசைத்து அதை ஏற்றுக்கொண்டு ஆட்டோவில் ஏறுகிறாள். சாயங்காலம் திரும்பும்போது யாரும் எதுவும் செய்யவேண்டியதில்லை. உள்ளே வருவதற்கு அந்த வீடு அவளை ஒருநாளும் தடுத்ததில்லை.