பதினேழாம் தட்டு

அண்ணனும் தங்கையும் ஒரே தொழிலில் இருந்தால் வீட்டில் சாப்பாடு நிம்மதியாக இறங்காது. இவர்கள் தொழிலோ புற்றுநோய் ஆராய்ச்சி. ஒருவகைக் கட்டிக்கு வைரஸ்தான் காரணம் என்று பத்தொன்பது வருடமாகத் தங்கை சொன்னாள். கிடையவே கிடையாது என்று அண்ணன் சொன்னார். இருவர் பிடித்த முயலுக்கும் மூன்றே கால்.

கடைசியில் இயக்குநருக்கு அலுத்துப்போனது. "ஒரே ஒரு சோதனைம்மா. உங்க அண்ணன் மேற்பார்வையில. நீங்க சொன்னபடி வந்தா உங்க பிரிவு இருக்கும், இல்லைன்னா மூடிடுவோம்" என்றார். வேறு யாராக இருந்தாலும் மேற்பார்வைக்கு வேறு ஆளைக் கேட்டிருப்பார்கள். அவளோ, "அண்ணன்தானே, தாராளமா வரட்டும்" என்றாள்.

இருபத்துநான்கு தட்டுகளில் ஆரோக்கியமான செல்கள். பன்னிரண்டில் மட்டும் உதவியாளர் வைரஸ் திரவத்தை விட்டாள். அண்ணன் அடையாளங்களை மறைத்து, கலைத்து, புது எண் போட்டார். எந்தெந்த எண்ணில் வைரஸ் என்று குறித்து உறையில் போட்டு ஒட்டி, தட்டுகளை இன்குபேட்டரில் வைத்துப் பூட்டினார். நல்ல செல் தட்டில் ஒரே படலமாகப் படுத்திருக்கும். கெட்டுப்போனது ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குவியும். பத்து நாள் கழித்து, எந்தத் தட்டு எது என்று தெரியாமலே, அவள் அந்தக் குவியல்களை எண்ண வேண்டும்.

காலையில் மைக்ரோஸ்கோப்பில் குனிந்தவள் மதியம்தான் நிமிர்ந்தாள். குவியல் இருந்த தட்டுகள் பதின்மூன்று. கண்ணைக் கழுவிக்கொண்டு வந்து மறுபடி எண்ணினாள். அதே பதின்மூன்று. வைரஸ் படாமலே ஒன்று கெட்டிருக்கிறது என்றால் அண்ணன் கட்சிதான் ஜெயித்தது.

"மேடம், அஞ்சாம் தட்டுல ஒம்பதே ஒம்பது குவியல்தான் இருக்கு. இல்லைன்னு போட்டுடுங்க. உறையை இன்னும் பிரிக்கலையே, யாருக்குத் தெரியப்போகுது?" என்றாள் உதவியாளர். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. பிரிவை மூடினால் அவள் வேலையும் போகும்.

ஆசை வரவில்லை என்று சொன்னால் அது பொய். பேனா ஐந்தாம் வரியில் கொஞ்ச நேரம் நின்றது. "கண்ணால பார்த்ததை இல்லைன்னு எழுதினா, நாளைக்கு நான் இருக்குன்னு எழுதறதை யாரு நம்புவா?" என்று சொல்லிவிட்டுப் பதின்மூன்றையும் எழுதினாள்.

மறுநாள் இயக்குநர் அறையில் அண்ணன் உறையைப் பிரித்து ஒவ்வொன்றாக வாசித்தார். ஐந்தாம் தட்டில் வைரஸ் விட்டிருந்தது. எல்லாம் அவள் எழுதியபடியே வந்தது, பதினேழைத் தவிர. குறிப்பில் அது சுத்தமான தட்டு. அவள் எண்ணியதில் நாற்பது குவியல்.

இயக்குநருக்கே மனசு கேட்கவில்லை. "அந்த ஒண்ணை விட்டுட்டுப் பார்க்கலாமா?"

"வேண்டாம் சார். அது எப்படிக் கெட்டுச்சுன்னு எனக்குத் தெரியாது. ஆனா தேடிப் பாருங்க, அதுலயும் வைரஸ் இருக்கும்."

அண்ணன் சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்து மேஜையில் வைத்தார். தேதியும் நேரமும் போட்டுக் கையெழுத்திட்ட சீட்டு.

"இருக்கும். நான்தான் விட்டேன். பூட்டறதுக்கு முன்னாடி, உன் வைரஸ் திரவத்தை ஒரு செல்கூடப் போக முடியாத வடிகட்டியில வடிச்சு, ஒரே ஒரு சொட்டு. திரவத்தோட சேர்ந்து வர்ற கட்டிச் செல்தான் குவியுது, அது இல்லைன்னா ஒண்ணும் ஆகாதுன்னுதான் நினைச்சேன்."

அவளுக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. "என்மேல அவ்வளவு சந்தேகமா?"

"பன்னிரண்டுன்னு உனக்கு முன்னாடியே தெரியும். தெரிஞ்ச கணக்குக்கு யார் கையும் வளையும்மா, என் கையும் வளையும். நீ பன்னிரண்டுன்னு எழுதியிருந்தா மூடச் சொல்லியிருப்பேன்."

ஐந்தாம் வரியில் பேனா நின்றது அவளுக்கு நினைவுக்கு வந்தது. எழுந்து போய் ஆய்வுக் குறிப்பேட்டை எடுத்துவந்து அவர் முன்னால் விரித்தாள்.

"பதினேழுல விட்டது யாருன்னு உன் கையால எழுது. கட்டுரையிலயும் உன் பேர் வரும்."

"என் பேரா? ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டும். மத்த பன்னிரண்டையும் நான் ஏமாத்தினேன்னு யார் வேணும்னாலும் சொல்லலாம். இந்த ஒண்ணைச் சொல்ல முடியாது, அண்ணா."

அண்ணன் தன் பெயரை முழுசாக எழுதினார்.