மைக்கின் பஞ்சு

திரையில் நேர்கோடு ஓடியது. ஃபில்டரைத் தாண்டிக் குரல் வந்திருந்தால் அது மேலும் கீழும் துள்ளியிருக்க வேண்டும்.

"செத்த ஆளோட இ.சி.ஜி. மாதிரி இருக்கு" என்றான் உமேஷ்.

முத்துமீனா சிரிக்கவில்லை. மறுநாள் காலை கல்லூரியில் இருவருக்கும் சேர்த்து இறுதியாண்டு புராஜெக்ட் தேர்வு. சர்க்யூட்டைக் கையால் கட்டவில்லை. சிமுலேஷன் மென்பொருளுக்குள்ளேயே வரைந்திருந்தார்கள். மைக்கில் பேசுவதைக் கம்ப்யூட்டர் பதிந்துகொள்ளும். மென்பொருள் அந்தக் குரலை அவள் வரைந்த ஃபில்டருக்குள் செலுத்தி, இரைச்சலை வடிகட்டி, ஸ்பீக்கருக்கு அனுப்பும். மூன்று விநாடிப் பேச்சைக் கணக்குப்போடக் கால்மணி நேரம் பிடிக்கும். பழைய பதிவு செல்லாது, கண்ணெதிரே பேசி ஓட்டிக்காட்ட வேண்டும் என்று தேர்வு நடத்தும் ஜனகராஜ் சார் சொல்லிவிட்டார். ஆய்வகக் கம்ப்யூட்டர்களில் குரலைப் பதியும் சவுண்டு கார்டு கிடையாது. உமேஷ் தன் கம்ப்யூட்டரையே ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வருவதாக ஏற்பாடு.

போன வாரம் தெப்பக்குளம் பக்கத்தில் உமேஷின் இதே வீட்டுக்கு அவள் முதல்முறையாக வந்திருந்தாள். அன்று எல்லாம் வேலை செய்தது. "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று மைக்கில் சொன்னாள். ஸ்பீக்கரில் அவள் குரல் துல்லியமாகத் திரும்பி வந்தது. உமேஷ் கைதட்டினான். காபி கொண்டுவந்த அவன் அம்மா லலிதாம்பாள் பக்கத்தில் நின்று விசாரித்தார்.

"ஊரு எதும்மா?"

"வண்டியூர் தாண்டி உள்ள போகணும், ஆன்ட்டி."

"ஊருக்குள்ளயேவா?"

"இல்ல ஆன்ட்டி, காலனி."

"நல்லாப் படி" என்றுவிட்டு அவர் உள்ளே போனார்.

மறுநாளிலிருந்து ஸ்பீக்கரில் குரல் வரவில்லை. "உன் ஃபில்டர்தான் முழுங்குது, மீனா. எதையோ மாத்திட்ட" என்று உமேஷ் கல்லூரியில் சொல்லிக்கொண்டே இருந்தான். அவளும் நம்பினாள். வாரம் முழுக்க ஃபில்டரை அழித்து அழித்து வரைந்தாள்.

இன்று வீட்டுக்கே வந்து, கடைசி முனையிலிருந்து பின்னோக்கிப் பார்த்தாள். குரலை எடுத்துவிட்டு மென்பொருளே உண்டாக்கும் அலையை உள்ளே விட்டாள். ஸ்பீக்கர் 'கூ' என்று கத்தியது. அப்படியானால் ஃபில்டரும் சரி, ஸ்பீக்கரும் சரி. அடுத்து, போன வாரத்துப் பதிவை உள்ளே கொடுத்துக் காத்திருந்தாள். ஒண்ணு, ரெண்டு, மூணு. உள்ளே போகும் வழியும் சரி. திரையின் வால்யூம் பெட்டியில் மைக் 'மியூட்' ஆகியிருக்கவில்லை. ஒயர் சரியான துளையில்தான் இருந்தது.

மிச்சம் மைக்தான். அதை நோக்கிக் கை நீட்டினாள்.

"அதை விடு. புதுசு வாங்கிக்கலாம்" என்றான் உமேஷ். கொஞ்சம் அவசரமாகச் சொன்னான்.

மைக்கின் முனையில் இருந்த பஞ்சு ஒரு வருஷமாக அவன் மூச்சு பட்டுக் கறுத்துக் கிடந்தது. போன வாரம் அவளே பார்த்திருக்கிறாள். இப்போது புசுபுசுவென்று வெளுத்திருந்தது. உருவினாள். மைக்கின் துளையில் வெள்ளையாகச் சோப்பு காய்ந்திருந்தது.

"இது நனைஞ்சிருக்கு."

"வேர்வையா இருக்கும்."

"உன் வேர்வையில நுரை வருமா?"

பேச்சு கேட்டு லலிதாம்பாள் வந்தார். "என்னம்மா, ரிப்பேரா?"

"மைக்குக்குள்ள தண்ணி போயிருக்கு ஆன்ட்டி."

"நாந்தான் சோப்புத்தூள் போட்டு அலசி மாடியில காய வச்சேன். வாய்க்கிட்ட வைக்கிற சாமான். நாலு பேரு பேசுறது." பாத்திரம் துலக்கியதைச் சொல்வது போலத்தான் சொன்னார்.

"நாலு பேரு யாரு ஆன்ட்டி? உமேஷும் நானுந்தான். இதுக்கு முன்னாடி எப்பக் கழுவுனீங்க?"

லலிதாம்பாள் மகன் பக்கம் திரும்பித் தங்கள் வீட்டு மொழியில் ஏதோ சொன்னார். அவனும் அதிலேயே சுருக்கமாகப் பதில் சொன்னான். அவர் உள்ளே போனார். முத்துமீனாவுக்கு அந்த மொழியில் ஒரு சொல் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"அம்மா அப்படித்தான் மீனா. நான் சொன்னாக் கேக்க மாட்டாங்க."

"அம்மாவைக் கேக்கல. ஒரு வாரமா என் ஃபில்டர்ல தப்புன்னு சொன்னியே, அதைக் கேட்டேன்."

உமேஷ் பைக் சாவியை எடுத்தான். "சிம்மக்கல் வரைக்கும் போயிட்டு வாரேன். கடை சாத்திருவான்."

மறுநாள் தேர்வு அறையில் புது மைக் இருந்தது. "நீ பேசும்மா" என்றார் ஜனகராஜ் சார். அவள் பேசினாள். கால்மணி நேரம் மூவரும் ஃபேன் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பிறகு அவள் குரல் வந்தது, ஃபேன் சத்தம் இல்லாமல்.

"நல்லா வந்திருக்கு" என்று சார் கையெழுத்துப் போட்டார். "ரெண்டு பேருக்கும் ஒரே மார்க்."

வராந்தாவில் உமேஷ் மைக்கின் ஒயரைச் சுற்றி அவள் பக்கம் நீட்டினான்.

"இதை நீயே வச்சுக்க, மீனா."

"ஏன், வீட்ல சோப்புத்தூள் தீந்துருச்சா?"

அவன் முகம் சுண்டிப்போயிற்று. "அதுக்கில்ல. உனக்கு உபயோகமா இருக்குமேன்னு..."

"எங்க வீட்ல இதை எதுல செருக? அம்மியிலயா?"

அடுத்துத் தேர்வுக்குப் போக வேண்டிய பேயாண்டி ஓடிவந்தான். "மாப்ள உமேஷு, ஒரு மைக்கு குடுடா. எங்களுது கரகரங்குது, சாரு கொன்னுபுடுவாரு."

உமேஷின் கையிலிருந்ததை முத்துமீனா வாங்கிப் பேயாண்டியிடம் கொடுத்தாள். அவன் எங்கும் செருகாமலேயே பஞ்சை உதட்டில் அழுத்தி, "ஹலோ, ஹலோ" என்றான்.

"சூப்பரா இருக்கு. முடிச்சுட்டு யாருகிட்டக் குடுக்கணும்?"

"உமேஷ்கிட்டயே குடுத்துரு" என்றாள் அவள். "அவங்க வீட்டு மைக்."

படியிறங்கினாள். பின்னால் உமேஷ் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். நன்றாகவே கேட்டது.