மாலை போட்ட பாக்கெட்

...மொதல்ல மாலை தான் வருது. மேல ஒரு வெரக்கட அளவுக்கு பச்சையா ஒரு வளைவு, கொழுந்தும் எலையுமா கோத்த மாலை, அதுக்குக் கீழ வெள்ளை, வெறும் வெள்ளை, அதுக்கு மேல எறங்க மாட்டேங்குது இந்த கம்பியூட்டர். "கொஞ்சம் பொறுங்க அங்கிள், மழை பேஞ்சா லைன் இப்படித்தான்"னு தயானி சொல்லுது. இந்த கொமினிகேஷன் கடையில போன் மீட்டர் பாக்குறதும் போட்டோ கொப்பி அடிக்கிறதும் எல்லாம் அந்தப் புள்ள தான். நான் பொறுத்துக்கிட்டுத்தான் இருக்கேன், வேற என்ன செய்ய. கினிகத்தேனையில கடைய மூடிட்டு பஸ் ஏறி அட்டனுக்கு வந்ததே நம்ம கடைக்கு செஞ்ச இந்த இன்டர்நெட் பக்கத்த பாக்கத்தான். பாத்துட்டு லோஜனுக்கு ஒரு வார்த்த சொல்லணும். சரின்னு சொல்லணும், இல்ல வேணாம்னு சொல்லணும். அவ்வளவுதான் வேலை.

லோஜன் என் தங்கச்சி மகன். கொழும்புல ஒரு விளம்பரக் கம்பனியில இருக்கான், கழுத்துல அட்டை தொங்கப் போட்டுகிட்டு. நான் தேயிலைய வெள்ளப் பையில கட்டி, மேல ரப்பர் சீல் குத்தி வித்துகிட்டிருந்த ஆளு. ரோட்டோரக் கடை, கொழும்புக்குப் போற வண்டி நிக்கும், எறங்கி ஒரு டீ குடிப்பாங்க, நல்லா இருந்தா கால் கிலோ வாங்கிட்டுப் போவாங்க. அது விளம்பரம் இல்லையா? நான் அத தான் விளம்பரம்னு நெனச்சிருந்தேன். வருசம் பொறந்தா சாமி படம் போட்ட கலண்டர் அடிச்சு குடுப்பேன், தமிழாளுக்கு முருகன், சிங்களாளுக்கு புத்தர், கீழ கடை பேரு... சாமி படத்த யாரும் கிழிச்சுப் போட மாட்டாங்க, வருசம் முழுக்க நம்ம பேரு செவத்துல தொங்கும். இவன் வந்து, மாமா அதெல்லாம் சரி, ஒங்களுக்கு ஒரு முகம் வேணும்னான். எனக்குத்தான் முகம் இருக்கேடான்னேன். சிரிச்சான். "ஒங்க முகத்தப் பாத்தா யாரு மாமா டீ குடிப்பா?" சரிதான். ஆனா எல்லா பாக்கெட்லயும் இருக்குற முகம் எனக்கு வேணாம்னு சொன்னேன். பெரிய கம்பனிக்காரன் பாக்கெட்ல ஒரு பொண்ணு சிரிச்சுகிட்டே கொழுந்து எடுக்கும், பட்டுச் சீல கட்டி. இடுப்புல கட்டுற படங்குச் சாக்கு இருக்காது, கால்ல அட்டைப் பூச்சி கடிச்ச தடம் இருக்காது, கூடைக் கயிறு அழுத்துற எடத்துல முடி கொட்டியிருக்காது. யாரு அது? எந்த மலையில? எனக்கு வேலை செஞ்ச முகம் வேணும்னேன். அவன் அப்படியே நிமிந்து பாத்தான். "அப்ப அத்தை படத்த குடுங்க."

என் பொண்டாட்டி, மலையில கொழுந்து எடுத்தவ, நாகலெட்சுமிகிட்ட இருந்தது ஒரே படம். அடையாள அட்டைக்கு எடுத்தது, நேரா பாரு, சிரிக்காதன்னு சொல்லி எடுத்தது. அத தான் குடுத்தேன். அவன் பெருசாக்கி, சுத்தி முட்டை மாதிரி ஒரு வளையம் போட்டு, அந்த வளையத்த கொழுந்து மாலையால சுத்திட்டான். நல்லாத்தான் இருந்துச்சு. சத்தியமா அப்ப எனக்கு ஒன்னும் தோணல. நானும் தோட்டத்து லய வீட்டுல பொறந்தவன் தானே, எத்தன வீட்டு செவத்துல பாத்திருக்கேன், முட்டை வளையத்துக்குள்ள ஒரு முகம், மேல ஒரு மாலை, கீழ ஒரு வெளக்கு... செத்தவங்க படத்துக்குத்தானே மாலை போடுவோம். எப்படி எனக்குத் தோணாமப் போச்சு? கடைச் சரக்கா பாத்தேன், அதான். பொண்டாட்டி படமா பாத்திருந்தா தோணியிருக்கும். பாக்கெட் அடிச்சு வந்துச்சு, வலப்பனை வரைக்கும் போச்சு. வியாபாரம் எப்படின்னு பாக்குறதுக்கு முன்னாடி வீரம்மாக்கா வந்துட்டாங்க.

இப்ப நெனச்சாலும் சிரிக்கிறதா அழுறதான்னு தெரியல. வீரம்மாக்கா நாகலெட்சுமிக்கு பெரியம்மா மக, கொத்மலையில இருக்காங்க. வலப்பனையில ஒறவு வீட்டுக்குப் போன எடத்துல கடையில பாக்கெட்டப் பாத்திருக்காங்க. அடுத்த பஸ்ஸுல ரெண்டு பொம்பளைங்கள கூட்டிக்கிட்டு கெளம்பிட்டாங்க. எங்க கடை முன்னால ரோட்டுல எறங்கும்போதே ஒப்பாரி ஆரம்பிச்சிட்டாங்க, மாருல அடிச்சுகிட்டு, கையில பாக்கெட்ட புடிச்சுகிட்டு. பக்கத்து கடை சிங்கள மொதலாளி ஓடி வந்து என் கையப் புடிக்கிறாரு, எனக்கு ஒன்னும் வெளங்கல. நாகலெட்சுமி பின்னால தேயிலை சலிச்சுகிட்டு இருந்தவ, சல்லடையோட வெளிய வந்து, "யாருக்குக்கா?"ன்னு கேட்டா. வீரம்மாக்கா வாயத் தொறந்தது தொறந்தபடி நின்னுட்டாங்க. அப்புறம், "அடி பாவி! உசுரோட இருந்துகிட்டா மாலையப் போட்டுகிட்டு நிக்கிற?"ன்னு முதுகுல ஒரு அடி. நாகலெட்சுமி சிரிச்சா பாருங்க... அவ அப்படி சிரிச்சு நான் பாத்தது ரொம்ப கொறைவு. "பஸ் காசுக்காவது மிச்சத்தையும் அழுதுட்டுப் போங்கக்கா, நானும் கேட்டுகிட்டுப் போறேன்"னா. எல்லாரும் சிரிச்சோம். அப்புறம் யாருமே சிரிக்கல. ஏன்னா அவங்க அழுதத எல்லாரும் கேட்டுட்டோம்.

...வளைவு முடிஞ்சிருச்சு. முடி தெரியுது, நடு வகிடு. அந்த வகிடு எடத்துல முடி ஏறிப் போயிருக்கும், கூடைக் கயிறு. லோஜன் அத அழிக்கல. நல்ல காரியம் செஞ்சான். ரோட்டுல நின்னு வீரம்மாக்கா அழுத பாட்டுல ஒரு அடி மட்டும் என் காதுல நின்னுருச்சு, சாயத்தண்ணி மறந்தவளே, சாமிக்கு நேந்தவளே, கடை காலூனும் முன்னால கண்ண மூடிப் போனியேன்னு... ஒப்பாரியில வாய்க்கு வந்ததெல்லாம் வரும்னு அப்ப விட்டுட்டேன். அன்னைக்கு சாயந்தரம் பஸ்ஸுக்கு நிக்கும்போதுதான் கேட்டேன், அது என்னக்கா சாயத்தண்ணி மறந்தவளேன்னு. "தெரியாதா?"ன்னு என்னைய ஒரு மாதிரி பாத்தாங்க. "நீங்க கடை தொறந்த வருசம், நானும் அவளும் தான் கோயிலுக்குப் போனோம். கடை காலூனுற வரைக்கும் தேத்தண்ணி வாயில வைக்க மாட்டேன்னு நேந்துகிட்டா. இன்னும் வைக்கலையே, வீட்டுல இருக்குற மனுசனுக்குத் தெரியாதா?" பஸ் வந்துருச்சு, ஏறிட்டாங்க. தெரியாதுன்னு எப்படி சொல்ல? தெனமும் விடியக்காலம் ரெண்டு டம்ளரோட வருவா, ஒன்ன என்கிட்ட நீட்டுவா, ஒன்ன அவ ரெண்டு கையாலயும் பொத்திப் புடிச்சுகிட்டு நெலப்படியில ஒக்காந்து குடிப்பா. குளிருக்கு அப்படித்தான் புடிப்பாங்க. அதுக்குள்ள என்ன இருக்குன்னு யாரு எட்டிப் பாப்பா? மறுநா எட்டிப் பாத்தேன். வெறும் சுடுதண்ணி. ரெண்டு கொத்தமல்லி மெதக்குது.

கேக்கல. ஏன் கேக்கலன்னு தெரியல. ஒரு எலை எந்த மலையில எடுத்ததுன்னு நாக்குல வச்சு சொல்லிருவேன், பெருமையா சொல்லிக்குவேன் அத, எல்லாரும் அப்படியான்னு பாப்பாங்க...

இப்ப நெத்தி. மேல பொட்டுக்குப் பக்கத்துல வந்து நிக்குது. தயானி எட்டிப் பாத்து, "வந்துரும் அங்கிள்"னு சொல்லிட்டு பெட்டிய ஒரு தட்டு தட்டுது. தட்டினா வருமா? லோஜன் சொல்றான், கடைக்கு ஆள் வர்றது வேற மாமா, இதுல ஒலகமே வரும்னு. ஒலகம் வந்தா நான் எங்க ஒக்கார வைக்கிறதுன்னு கேட்டேன். ஆனா வந்துருச்சே. ஜெர்மன்காரன் ஒருத்தன், தேயிலை வாங்கி அங்க கடை கடையா போடுறவன், லோஜன் செஞ்ச பக்கத்தோட மாதிரிய பாத்துட்டு எழுதியிருக்கான், இந்த அம்மா யாரு, மாலை போட்டிருக்கே, காலமாயிட்டாங்களா, இது அவங்க ஞாபகமா நடத்துற கடையான்னு. லோஜன் இல்லன்னு எழுதல. ஆமான்னும் எழுதலன்னு சொல்றான், ஆனா அந்த ஆளு மனசு தொட்டுருச்சுன்னு எழுதி, சரக்கு கேட்டுட்டான். நாங்க ஒரு வருசம் விக்கிறத அவன் ஒரு தடவைக்குக் கேக்குறான். "கதை தான் மாமா விக்குது. டீ எல்லாரும் வச்சிருக்கான். அத்தை இருக்காங்களா இல்லையான்னு ஜெர்மனியில எவன் வந்து பாக்கப் போறான்?" அடியில ஒரு வரி சேத்திருக்கேன், பாத்துட்டு சரி சொல்லுங்க, சாயந்தரம் தொறந்து விட்டுர்றேன்னான். எனக்கு கோவம் வரணும். வரல. கணக்குத்தான் ஓடுச்சு தலைக்குள்ள, புது மெசினு, கினிகத்தேனையில இன்னொரு கடை... அப்புறம்தான் கோவம் வந்துச்சு, அவன் மேல இல்ல.

காலையில அவகிட்டயே சொன்னேன். இப்படி ஒரு பேச்சு வந்திருக்கு, ஒன்னைய செத்துட்டதா எழுதணுமாம்னேன். நெலப்படியில இருந்து திரும்பிக்கூட பாக்கல. "அந்த ஊருல செத்துட்டா இந்த ஊருல எனக்கு என்ன கொறையப் போகுது? வீரம்மாக்கா தான் ஏற்கனவே அழுதுட்டாங்களே, கருமாதி செலவும் இல்ல"ன்னா. சிரிச்சுகிட்டே தான் சொன்னா. அப்புறம் டம்ளர கீழ வச்சுட்டு, "கடை காலூனிரும்னா போட்டுருங்க"ன்னா. காலூனிரும்னா. அந்த வார்த்தைய அவ வேணும்னே சொல்லல, அவ நேந்துகிட்டது எனக்குத் தெரியும்னு அவளுக்குத் தெரியாது. நான் சட்டைய மாட்டிகிட்டு வந்துட்டேன். பஸ்ஸுல வரும்போது இதே தான், இதே தான்... சரின்னு சொன்னா கடை காலூனிரும், அவ தேத்தண்ணி குடிக்கலாம். ஆனா செத்தவளா எழுதினாத்தான் குடிக்கலாம். இது என்ன கணக்கு?

கண்ணு வந்துருச்சு. நேரா என்னையத்தான் பாக்குது. அடையாள அட்டைக்குப் பாத்த பார்வை, எங்க ஆளுங்களுக்கு அந்த அட்டை கெடைக்கிறதே பெரும்பாடா இருந்த காலம். தப்பா ஏதும் செஞ்சா குடுக்காம போயிருவாங்களோன்னு கண்ண இமைக்காம பாத்திருப்பா. அத பாத்து ஜெர்மன்காரனுக்கு மனசு தொட்டுச்சாம். படம் முழுசா எறங்குறதுக்கு முன்னாடியே கீழ எழுத்து வந்து நிக்குது, இங்கிலீசு. தயானிய கூப்பிட்டு படிக்கச் சொன்னேன். புள்ள குனிஞ்சு வாசிச்சு, வாசிச்சு, சட்டுன்னு நிமிந்துச்சு, மொகம் மாறிப் போச்சு. "ஐயோ அங்கிள்... ஆன்ட்டி எப்ப? எனக்குத் தெரியவே தெரியாதே." இல்லம்மா, இருக்காங்க, காலையில கூட தேயிலை சலிச்சுகிட்டு இருந்தாங்கன்னேன். அந்தப் புள்ள படத்தையும் என்னையும் மாத்தி மாத்தி பாத்துச்சு. "வேற என்ன எழுதியிருக்கு?"ன்னேன். "தெனமும் காலையில மொதல் கோப்பை இந்தத் தேயிலையில அவங்களுக்குத்தான்னு எழுதியிருக்கு அங்கிள்."

போன கையில எடுத்தேன். மீட்டர் ஓட ஆரம்பிச்சிருச்சு. லோஜன் ஒடனே எடுத்துட்டான், "சொல்லுங்க மாமா, நல்லா இருக்கா?" நல்லாத்தான் இருக்கு, அந்த ஞாபகார்த்த வரிய எடுத்துருன்னேன். மாலையையும் எடு. ஆள் இருக்கா. இருக்கான்னு எழுது. என் சத்தம் எனக்கே பெருசா கேட்டுச்சு. "மாமா, அப்ப ஆர்டர் போனாலும் போயிரும். கடை இப்ப இருக்குற நெலமையில..." நெலமைக்கு என்னடான்னேன். "நீங்க தானே எப்பவும் சொல்றீங்க, ஓடவே மாட்டேங்குது, என்னமோ காலம் போகுதுன்னு."

ஆமா, சொல்லுவேன். யாரு தான் சொல்ல மாட்டாங்க? எந்தக் கடைக்காரன் நல்லா ஓடுதுன்னு வாயால சொல்லுவான், கண்ணு பட்டுராதா? பக்கத்து மொதலாளி கேட்டாலும் என்னமோ ஓடுதுன்னு தான், ஒறவு கேட்டாலும் அதே தான், ராத்திரி சோத்துக்கு ஒக்காரும்போது நாகலெட்சுமி எப்படிங்க இன்னைக்குன்னு கேட்டாலும் அதே தான். என்னமோ ஓடுது. அது பேச்சு இல்ல, பழக்கம். நல்லா ஓடின நாளைக்கும் அதே தான் சொன்னேன். சலிக்கிற மெசின் வாங்கின அன்னைக்கும் அதே தான். கடை கட்டடத்த சொந்தமா எழுதி வாங்கின அன்னைக்கு... அன்னைக்கும் அவ கேட்டா, எப்படிங்கன்னு. நல்லா ஞாபகம் இருக்கு, சோத்தப் போட்டுகிட்டே, என் மொகத்தப் பாத்துகிட்டே கேட்டா. தெனமும் கேப்பா. நான் அத சும்மா கேக்குறான்னு நெனச்சுகிட்டு இருந்தேன். ஊருக்கெல்லாம் பாக்கெட்ல எழுதி ஒட்டுறேன், கலண்டர்ல அடிச்சுக் குடுக்குறேன், இப்ப ஒலகத்துக்கே சொல்லப் போறேன், நம்மளுது நல்லா இருக்குன்னு... கடை காலூனிருச்சுன்னு அவ ஒருத்திகிட்ட மட்டும் சொல்லல.

"சரி மாமா, அத்தை இருக்காங்கன்னே போடுறேன்." லோஜன் குரல் எறங்கிப் போச்சு, பாவம். "அந்த மொத கோப்பை வரி மட்டும் இருக்கட்டுமா? அது நீங்க சொன்னது தானே, அதுல ஒன்னும் பொய் இல்லையே?"

படம் முழுசா எறங்கிருச்சு. கடைசியாத்தான் வாய் வந்துச்சு. மூடித்தான் இருக்கு.

"மாமா? லைன்ல இருக்கீங்களா?"

இருக்கேன். மீட்டர் ஓடிகிட்டே இருக்கு, தயானி என்னையவே பாத்துகிட்டு நிக்குது. இன்னைக்கு ராத்திரி அவ கேப்பா, எப்படிங்கன்னு... எனக்கு அந்தப் பழைய பதில விட்டா வேற வார்த்த வருமான்னு தெரியல.