ஒத்திகை எலும்பு

மேசைமேல் இருப்பது உங்கள் மனைவியின் இடுப்பெலும்பு என்று டாக்டர் சொன்னபோது தச்சர் அதைத் தொட நீட்டிய கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். ஸ்கேன் படத்தை வைத்து, அதே அளவில், அதே உடைசலோடு பிளாஸ்டிக்கில் அச்சடித்து எடுத்ததாம். அவள் பள்ளி வேன் ஓட்டுகிறவள். பிள்ளைகளை இறக்கிவிட்டுத் திரும்புகையில் லாரி மோதி, வலது இடுப்புக் கிண்ணம் நொறுங்கிப் போயிருந்தது.

டாக்டர் அதைத் திருப்பிக் காட்டினார். உடைந்த எலும்பைச் சேர்த்துப் பிடிக்கும் தகட்டை வளைத்து, அதன்மேல் பொருத்தி முந்தின நாள் ஒத்திகை பார்த்திருக்கிறார். இறக்கிய திருகாணியின் முனை மறுபக்கம் எட்டிப் பார்த்தது. காலுக்குப் போகும் நரம்பு அங்கேதான் ஓடுகிறதாம்.

"நான் நினைச்ச வழி சரியில்ல. இதுலயே தெரிஞ்சது நல்லதாப் போச்சு. வேற பக்கமா இறக்கணும்," என்றார் டாக்டர்.

அந்த நல்லது தச்சரின் காதில் ஏறவில்லை. திருகாணி அவருக்குப் புதிதா என்ன? அளந்து, குறி போட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு துளையிட்டாலும் சில நேரம் பலகை விரிந்துவிடும். வேறு பலகை எடுத்துக்கொள்ளலாம். இவளுக்கு எங்கே போவது?

எல்லாம் நல்லபடியாக இருக்கிறது என்று சொல்லிவிடும் எண்ணத்தோடுதான் வார்டுக்குள் நுழைந்தார். பேயறைந்த மாதிரி ஏன் நிற்கிறீர்கள் என்று அவள் கேட்டதும் மளமளவென்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். அந்த எலும்பைப் பார்க்க வேண்டும் என்றாள். நர்ஸ் கொண்டுவந்து மடியில் வைத்தாள். வெளியே நீட்டிக்கொண்டிருந்த முனையை அவள் விரலால் தொட்டாள்.

"இது நரம்புல பட்டா?"

"பாதத்தைத் தூக்க வராமப் போகலாம்னாரு."

"அப்ப பிரேக்கை எதால மிதிப்பேன்?" என்று சிரித்தாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுக்கும் அது பாதியிலேயே நின்றுபோனது. "பண்ணச் சொல்லுங்க. இப்படியே கிடந்தா மட்டும் நடந்துடவா போறேன்?" என்றவள் அவர் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டாள். வெகுநேரம் விடவில்லை.

இன்னொன்று அச்சடித்துப் பார்த்ததில் புது வழி சுத்தமாக வந்தது என்று மறுநாள் டாக்டர் சொன்னார். தச்சர் தலையாட்டினார். அவளைத் தள்ளிக்கொண்டு போன தள்ளுவண்டிக்குப் பின்னால் ஆபரேஷன் தியேட்டர் கதவு மூடிக்கொண்டது.

கொஞ்ச நேரத்தில் எங்கிருந்தோ துளையிடும் சத்தம் கேட்டது. மேல்மாடியில் ரிப்பேர் வேலை நடக்கிறது என்றார் காவலாளி. இருக்கலாம். தச்சர் எழுந்துபோய்ச் சுவரில் காதை வைத்தார். சத்தம் சட்டென்று நின்றது. நின்றது நல்லதற்கா என்று தெரியாமல், உள்ளங்கையைச் சுவரில் பதித்தபடி அங்கேயே நின்றார்.