மூன்று சுற்று

மார்லிஸ் இடது கையால் காபி ஊற்றினாள். என் தங்கை பிறந்ததிலிருந்து வலது கைக்காரி. வலது மணிக்கட்டில் மருந்துக்கடைப் பட்டையைச் சுற்றி, அதன்மேல் ஸ்வெட்டரை விரல்வரை இழுத்துவிட்டிருந்தாள். நான் கேட்பதற்குள் பதில் வந்துவிட்டது. "தப்பு என்னுதுதாண்ணே. கராஜ் கதவு எறங்குறப்ப கைய வெச்சுட்டேன்." போன மார்ச்சில் ஐஸ் வழுக்கியது. அதற்கு முந்தைய வருஷம் நாய் கயிற்றை இழுத்தது. அந்த வீட்டில் கதவுக்கும் ஐஸுக்கும் நாய்க்கும் இருந்த கெட்ட பெயர் டுவேனுக்கு மட்டும் இல்லை.

டுவேன் அவள் புருஷன். குளித்து, சவரம் செய்து, சீட்டியடித்துக்கொண்டே சமையலறைக்குள் வந்தான். "என்ன வெர்லின் மச்சான், மூஞ்சி தொங்கிப் போயிருக்கு? காத்து தெக்க இருந்து வருது. இன்னைக்கு மீனு தானா படகுல ஏறும்." போகிற போக்கில் மார்லிஸின் உச்சந்தலையில் ஒரு முத்தம் வைத்தான். அவள் அசையாமல் நின்று அதை வாங்கிக்கொண்டாள். ஊசி போடும்போது குழந்தைகள் அப்படித்தான் நிற்கும்.

பதினோரு வருஷமாக எங்கள் மீன்பிடிச் சங்கத்தின் இலையுதிர்காலப் போட்டியில் நான் அவனுக்குக் கூட்டாளி. அந்த வீட்டில் நம் கண் ஒன்று இருக்கட்டும் என்றுதான் அவனோடு ஒட்டிக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கே சொல்லிக்கொள்வேன். அது பாதி உண்மை. மீதிப் பாதி அவன் படகு. இருபத்தொரு அடி, பின்னால் இருநூற்றைம்பது குதிரைசக்தி இன்ஜின். என்னிடம் இருப்பது தகரத் தொட்டி. கண் இருந்து என்ன செய்தது? பார்த்தது. பார்த்துவிட்டுக் காபி குடித்தது.

மில்லாக்ஸ் ஏரி இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் பதினைந்து மைல், ஆனால் எங்குமே நாற்பத்திரண்டு அடிக்கு மேல் ஆழமில்லை. ஆழமில்லாத ஏரிக்குக் கோபம் சீக்கிரம் வரும். காலையில் பனிமூட்டத்தில் தண்ணீர் இஸ்திரி போட்ட துணியாகக் கிடந்தது. எட்டு மணிக்கு வெயில் வந்து மேல்கோட்டைக் கழற்ற வைத்தது. பத்து மணிக்குத் தெற்குக் காற்று வெதுவெதுப்பாக ஏறியது. செப்டம்பர் கடைசியில் அப்படி ஒரு வெதுவெதுப்பு வந்தால் பின்னால் ஏதோ வருகிறது என்று அர்த்தம். அது எங்களுக்குத் தெரியும். மீன்களுக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும். பாறைத் திட்டுமேல் பன்னிரண்டு அடி ஆழத்தில் சின்னவாய் பாஸ் மீன்கள் பட்டினியில் விட்ட நாய்களாகத் தூண்டிலில் வந்து மோதின. பித்தளை நிறம், சிவந்த கண். தூண்டில் தைத்ததும் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு எழும், தலையை உதறும், படகின் பக்கவாட்டில் அறையும். ஒன்றைக் கையில் பிடித்தால் அதன் ஆத்திரம் முழங்கைவரை நடுக்கும்.

போட்டி விதி எளிது. ஒரு படகுக்கு ஐந்து மீன், ஐந்தும் உயிரோடு. செத்த மீனுக்கு அரை பவுண்டு வெட்டு. மூன்று மணிக்குள் எடைமேடைக்கு வராவிட்டால் நிமிஷத்துக்கு ஒரு பவுண்டு வெட்டு. ஜெயித்தால் கிடைப்பது பெயர் பொறித்த ஒரு மரப்பலகை. அந்தப் பலகைக்காக டுவேன் மூன்று வருஷமாக இரண்டாம் இடத்தில் நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான்.

பதினோரு மணிக்கு அவன் கம்பு வளைந்தது. இருந்த மீன்களிலேயே பெரியது, ஆறு பவுண்டுக்குக் குறையாது. "வலை, வலை" என்றான். கைவலையை எடுத்தேன். மீனுக்குத் தலைப்பக்கம்தான் வலை வைக்க வேண்டும், சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அந்த நொடி காற்று சட்டென்று திசை மாறி, படகின் பின்பக்கம் அரை வட்டம் போட்டது. என் வலை மீனின் வாலில் போய் இடித்தது. மீன் ஒரு துள்ளு துள்ளியது. தூண்டில் முள் வலைக்கண்ணில் மாட்டிக்கொள்ள, மீன் இல்லை.

டுவேன் கத்தவில்லை. கம்பைப் பதமாகக் கீழே வைத்தான். என் கையிலிருந்து வலையை வாங்கினான், நானும் கொடுத்தேன். அலுமினியப் பிடியால் என் காதோடு சேர்த்து அடித்தான். மீன்தொட்டி மூடியில் தாடை மோத விழுந்தேன். இரண்டாவது அடி தோளில், மூன்றாவது முதுகில். மூன்றுக்கும் இடையில் அவன் மூச்சு வாங்கக்கூட இல்லை. பிறகு வலையிலிருந்து முள்ளை நிதானமாகக் கழற்றி, ரப்பர் இரையைச் சரிசெய்து, மறுபடி வீசினான். வீசிவிட்டு, "பசிக்குதா? மான் சாசேஜ் இருக்கு, எடுத்துக்க" என்றான்.

எடுத்துக்கொண்டேன். காதிலிருந்து இறங்கியது சட்டைக் காலரில் ஊறிக்கொண்டிருக்க, சாசேஜை மென்றேன். மென்றபடியே என் வாயிலிருந்து வந்தது: "தப்பு என்னுதுதான். வால்ல போய் வலையப் போட்டுட்டேன்."

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. ஒரு காதுதான் கேட்டது, அது போதும். ஐம்பத்தேழு வயது ஆள், மரவெட்டி வேலையில் முப்பது வருஷம் இருந்தவன், மூன்றே அடியில் அந்த வாக்கியத்துக்கு வந்து சேர்ந்துவிட்டேன். மார்லிஸ் அதைச் சொல்லிக்கொண்டிருப்பது பத்தொன்பது வருஷமாக. எனக்கு அழுகை வந்தது, அதை மறைக்கத் தண்ணீர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஒன்றரை மணிக்கு வடமேற்கில் வானம் கறுத்தது. தெற்குக் காற்று யாரோ கழுத்தைப் பிடித்த மாதிரி நின்றது. ஐந்து நிமிஷம் ஒன்றுமே இல்லை. பிறகு பட்டாணி அளவு ஆலங்கட்டி தண்ணீரைக் குத்திக்கொண்டே வந்து எங்கள்மேல் ஏறியது. வியர்வை காயும் முன் பல் கிட்டியது. மற்ற படகுகள் ஒவ்வொன்றாகக் கரைக்குத் திரும்பின.

"போயிரலாம்" என்றேன்.

"இன்னும் ஒண்ணே ஒண்ணு. சின்னத வெளிய விட்டுட்டு அத உள்ள போடணும்." நெற்றியில் ஆலங்கட்டி பட்டுச் சிவந்திருந்தது, அவன் துடைக்கக்கூட இல்லை. இரண்டு இருபத்தைந்துக்கு அந்த ஒன்று கிடைத்தது. தொட்டியில் இப்போது இருபத்திரண்டு பவுண்டு. "பாத்தியா? பொறுமை வேணும் மச்சான். உங்க குடும்பத்துக்கு அது கெடயாது."

ஸ்டீயரிங் பக்கத்தில் ஒரு சிவப்புச் சுருள் கயிறு உண்டு. ஒரு முனை இன்ஜின் பொத்தானில். மறுமுனைக் கொக்கியை ஓட்டுபவன் தன் மிதவைச் சட்டையில் மாட்ட வேண்டும். அவன் விழுந்தால் கயிறு பிடுங்கிக்கொண்டு இன்ஜின் நின்றுவிடும். எங்கள் சங்கத்தில் பாதிப் பேர் அதை மாட்டுவதில்லை. மீன் பார்த்ததும் குதித்து முன்பக்கம் ஓட வேண்டும். கயிறு கூடவே வந்து தொல்லை கொடுக்கும். கொக்கியை ஸ்டீயரிங் கம்பியிலேயே மாட்டிவிட்டால் நிம்மதி. டுவேன் அதைக் கழற்றிப் பார்த்து வருஷக்கணக்காகியிருக்கும்.

அலை ஐந்தடி. ஆழமில்லாத ஏரியில் அலைகளுக்கு நடுவில் இடைவெளி கிடையாது, ஒன்றின் குதிகாலை இன்னொன்று மிதிக்கும். டுவேன் வேகத்தைக் குறைக்கவில்லை. நிமிஷத்துக்கு ஒரு பவுண்டு அவன் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. நான்கைந்து அலைமேல் பறந்தோம். அடுத்ததில் படகின் மூக்கு தண்ணீருக்குள் செருகி, இடது பக்கம் வெட்டித் திரும்பியது. டுவேன் இருக்கையிலிருந்து எழும்பி, என் தலைக்கு மேலாக வெளியே போனான். அவன் பூட்ஸ் என் கன்னத்தைக் கீறிவிட்டுப் போனது.

இன்ஜின் நிற்கவில்லை. ஆளில்லாத ஸ்டீயரிங் ஒரு பக்கமாக முழுக்கத் திரும்பிக்கொள்ள, படகு அவனைச் சுற்ற ஆரம்பித்தது.

முதல் சுற்றில் நான் தரையில் கிடந்தேன். தூண்டில் கம்புகள் என்மேல் சரிந்திருந்தன. அந்தச் சுற்றுக்கு நான் பொறுப்பில்லை. இரண்டாவதில் முட்டிபோட்டு எழுந்து ஸ்டீயரிங்கை எட்டிவிட்டேன். சிவப்புக் கயிறு என் உள்ளங்கையில் இருந்தது. சுண்டினால் போதும். கரையில் கேட்டவர்களிடம் குளிரில் கை மரத்துப்போய்விட்டது என்று சொன்னேன். மரத்துப்போகவில்லை. கயிற்றின் ஒவ்வொரு சுருளும் விரலில் தெரிந்தது.

மூன்றாவது சுற்றில் அவன் முகம் தெரிந்தது. மிதவைச் சட்டை ஊதிக்கொண்டு கழுத்தைப் பிடித்திருந்தது. காற்று அவனைப் படகின் பாதைக்கே தள்ளியது. என்னைப் பார்த்தான். என் முகத்தை, பிறகு என் கையை. "வெர்லின்" என்றான். அவன் என்னை மச்சான் சேர்க்காமல் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. எனக்கு நியாயம் அநியாயம் எதுவும் தோன்றவில்லை. இடது கையால் ஊற்றின காபிதான் ஞாபகம் வந்தது, மேஜையில் கொஞ்சம் சிந்தியிருந்தது. அவன் முங்கப் பார்த்தான். உயிர்காக்கிற சட்டை முங்க விடவில்லை. உடம்பை மடக்கிப் புரண்டான். பின்பக்கத்து இன்ஜின் விசிறியிலிருந்து ஈர விறகில் கோடாலி இறங்குகிற சத்தம் வந்தது.

கை தானாகச் சுண்டியது. நான் சுண்டினேன் என்று சொல்ல எனக்கு இன்றும் தைரியமில்லை. இன்ஜின் நின்றது. அலைச் சத்தமும் அவன் சத்தமும் மட்டும்தான்.

கைவலையின் பிடியை நீட்டினேன். காலையில் என்னை அடித்த அதே பிடி. பற்றிக்கொண்டு வந்தான். தூக்கிப் போட்டேன். இடது கெண்டைக்கால் வாயைத் திறந்துகொண்டு, உள்ளே வெள்ளையாக ஏதோ தெரிந்தது. என் பெல்ட்டைக் கழற்றி முழங்காலுக்குக் கீழே இறுக்கினேன். அவன் பல்லுக்கிடையில் கேட்டான், "மீனு உசிரோட இருக்கா?"

"இருக்கு."

"ஓட்டு. மொதல்ல எடை. ஆஸ்பத்திரி பொறவு."

நான் ஓட்டினேன். பிடுங்கின முனையைப் பொத்தானில் செருகி, கொக்கியை என் சட்டையில் மாட்டிக்கொண்டு ஓட்டினேன். கரை தெரிந்தபோது அவன் பேசினான். குரலில் கோபமே இல்லை. "மூணு சுத்து. நான் எண்ணிக்கிட்டுத்தான் இருந்தேன் மச்சான். உன்னை நான் ஒண்ணும் செய்ய மாட்டேன். நீ உன் வீட்டுக்குப் போயிருவ. நான் என் வீட்டுக்குப் போவேன். அங்க பேசிக்கிறேன்."

மூன்று மணிக்கு இரண்டு நிமிஷம் இருந்தது. சங்கத்தார் ஓடி வந்தார்கள். யாரோ ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார்கள். டுவேன் என் தோளைப் பிடித்து ஒற்றைக் காலில் எடைமேடை ஏறினான். பூட்ஸிலிருந்து சொட்டியது பலகையில் வரிசையாக விழுந்தது. மைக் வைத்திருந்த கோர்டி எண்ணைச் சொன்னதும் நூறு பேர் கை தட்டினார்கள். இருபத்திரண்டு பவுண்டு மூன்று அவுன்ஸ், முதலிடம். டுவேன் மைக்கை வாங்கினான். "இந்த மரப்பலகை என் மச்சானுக்குத்தான் போகணும். தண்ணியில இருந்து தூக்கிப் போட்டவன் இவன். என்ன, கொஞ்சம் யோசிச்சுட்டுத் தூக்கினான்." கூட்டம் சிரித்தது. கோர்டி சிரித்தான். நானும் பல்லைக் காட்டினேன் என்று நினைக்கிறேன்.

மார்லிஸ் சிரிக்கவில்லை. கூட்டத்தின் ஓரத்தில் நின்று, என் காதில் காய்ந்திருந்த ரத்தத்தைப் பார்த்தாள். பிறகு டுவேனின் காலை. பிறகு என் நெஞ்சில் இன்னும் தொங்கிக்கொண்டிருந்த சிவப்புக் கயிற்றை. படகிலிருந்து இறங்கும் அவசரத்தில் பொத்தான் முனை பிடுங்கிக்கொண்டு என்னோடே வந்திருந்தது. அவள் இந்த ஏரிக்காரி, படகில் வளர்ந்தவள். யாரும் அவளுக்கு எதையும் விளக்க வேண்டியதில்லை.

ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து அவனைப் படுக்கையில் ஏற்றினார்கள். மார்லிஸ் என் கிட்ட வந்து சட்டையிலிருந்து கொக்கியை இடது கையால் கழற்றினாள். ஏன் தாமதித்தாய் என்றுதான் கேட்பாள் என்று நினைத்தேன். அதற்கு ஒரு பதில் தயாராக வைத்திருந்தேன்.

"எதுக்குண்ணே கயித்த இழுத்த?" என்றாள்.

குளிர்ந்த மழை தூற ஆரம்பித்தது. "அவன்கூடப் போகாத" என்றேன் கடைசியில், பதினோரு வருஷம் தாமதமாக. "என் வண்டி அங்க நிக்குது. ஏறிக்க."

"வீட்டம்மா யாரு?" ஆம்புலன்ஸ்காரப் பெண் கதவைப் பிடித்தபடி கூப்பிட்டாள். "கூட ஒருத்தர் வரலாம். சீக்கிரம்." உள்ளே டுவேன் போர்வைக்கு வெளியே கையை எடுத்து, பக்கத்து இருக்கையை இரண்டு தட்டுத் தட்டினான். அவன் முகம் சாந்தமாக இருந்தது.

மார்லிஸ் கொக்கியைத் தன் கோட்டின் ஜிப்பில் மாட்டினாள். மறுமுனையைப் பட்டை சுற்றின வலது கையில் பிடித்து, சுருள் நேராகும்வரை மெதுவாக இழுத்தாள். வலித்திருக்க வேண்டும், விரல்கள் வெளுத்தன. விட்டாள், கயிறு சுருண்டு நெஞ்சில் வந்து அடித்தது. மறுபடி இழுத்தாள். ஆம்புலன்ஸ் கதவு திறந்தே இருந்தது, நான் திறந்து வைத்த வண்டிக் கதவுக்குள் மழை விழுந்துகொண்டிருந்தது.