நடுவில் தெளிவில்லை

வில்ஃப் அந்த அட்டைப்பெட்டியைச் சமையலறை மேசையில் வைத்தார். உள்ளே லோர்னாவின் பழைய ஸ்பெக்ட்ரம் கணினி. ரப்பர் விசைகள், மூலையில் வானவில் கோடு. கூடவே ஒரு டேப் ரெக்கார்டரும் ஒரு கேசட்டும். அந்தக் கணினியில் செய்ததையெல்லாம் கேசட்டில்தான் பதிந்துவைக்க வேண்டும். கேசட்டின் மேல் சிறுமியின் கையெழுத்தில் 'அப்பா லாரி' என்று எழுதியிருந்தது.

"இதுல ஒரு படம் இருக்கு," என்றார். "நான் லாரிக்குள்ள உக்காந்திருக்கிற மாதிரி போட்டிருக்கா. ஒரே ஒரு தடவை காட்டினா. நான் டியூட்டிக்குக் கிளம்பிட்டிருந்தேன். ஆமா ஆமா, நல்லாருக்குன்னு சொல்லிட்டுப் போயிட்டேன். ஒழுங்கா பாக்கல. இப்பப் பாக்கணும்."

லோர்னா என் மனைவி. பிப்ரவரியில் இறந்துபோனாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது. அலுவலகத்தில், சாப்பாட்டு நேரத்தில். வில்ஃப் அவளுடைய அப்பா. ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர். அவள் போன பிறகு ஞாயிறுதோறும் கிரிம்ஸ்பியிலிருந்து காரை எடுத்துக்கொண்டு, ஹம்பர் ஆற்றுப் பாலத்தைத் தாண்டி, ஹல் நகரில் இருக்கும் என் வீட்டுக்கு வருவார். காகிதத்தில் சுற்றிய மீன் கொண்டுவருவார். நான் பொரிப்பேன். சாப்பிடுவோம். பேச ஒன்றும் இருக்காது.

அன்று கணினியை என் புதிய டிவியின் ஆன்டெனா துளையில் செருகி, அலைவரிசையைத் தேடிப் பிடித்தேன். திரை முழுவதும் புள்ளிகள். எழுத்துகள் நடுங்கின.

"பனிப்புயல்ல வண்டி ஓட்டுற மாதிரி இருக்கு," என்றார் வில்ஃப். "இதுல என் மூஞ்சியத் தேடச் சொல்றியா?"

"சரி பண்ணலாம்."

"டேப்பைத் தொடாத. இருபத்தஞ்சு வருஷத்து டேப்பு. ஒரு தடவை ஓடும், அடுத்த தடவை சிக்கிக்கிட்டு அறுந்துபோகும். படம் பளிச்சுன்னு வர்ற மாதிரி டிவிய முதல்ல ரெடி பண்ணு. அப்புறம் போடலாம்."

அது நியாயமாகப் பட்டது. நான் படித்தது மின்னணுவியல். சிக்கல் எங்கே என்று தெரியும். அந்தக் கணினி தன் படத்தை ஒரு டிவி நிலையத்தின் ஒளிபரப்பு போல மாற்றி அனுப்புகிறது. உள்ளே இருக்கும் ஒரு சின்னத் தகரப் பெட்டி அந்த வேலையைச் செய்கிறது. டிவி அதைத் திரும்பப் பிரித்தெடுக்கிறது. இரண்டு இடத்திலும் படம் கெடும். தகரப் பெட்டியின் வேலையை நிறுத்திவிட்டு, உள்ளே போகும் படத்தை அப்படியே வெளியே எடுத்து, டிவியில் வீடியோவுக்கென்று இருக்கும் மஞ்சள் துளையில் கொடுத்தால் போதும். இந்தக் கணினியை இன்னும் வைத்திருக்கிறவர்கள் எல்லோரும் இதைத்தான் செய்கிறார்கள்.

அடுத்த ஞாயிறு திருகாணிகளைக் கழற்றினேன். விசைகளுக்கு அடியில் பிஸ்கட் தூள் இருந்தது.

வில்ஃப் அதைக் கண்டுகொள்ளவில்லை. "கெடுத்துடாத," என்றார்.

"கெடாது."

"எல்லா மெக்கானிக்கும் இதையேதான் சொல்றான்."

தூளைத் துடைக்காமல் விட்டேன். தகரப் பெட்டிக்குள் இருந்த ஒரு ரெசிஸ்டரை எடுத்தேன். ஒரு ஒயரைப் பிரித்தேன். ஒரு கெப்பாசிட்டரைப் பற்றவைத்தேன். மூடி, மின்சாரம் கொடுத்தேன். வெள்ளைத் திரையின் அடியில் கறுப்பு எழுத்துகள் அச்சடித்ததுபோல் நின்றன. ஒரு புள்ளிகூட நடுங்கவில்லை.

வில்ஃப் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுப் பார்த்தார்.

"ஓரமெல்லாம் பிரமாதம். நடுவுல இன்னும் தெளிவில்ல."

"நடுவுலயா?"

"அழுக்கு ஒட்டின மாதிரி."

திரையைத் துடைத்தேன். உள்ளே நிறத்தைச் சரிசெய்யும் சின்னத் திருகுகளைத் திருப்பினேன். அவர் உதட்டைப் பிதுக்கினார். அதற்கடுத்த ஞாயிறு கெட்டியான கேபிள் வாங்கிவைத்திருந்தேன். அதற்கும் அதே பதில். கெப்பாசிட்டரை மாற்றினேன். பக்கத்துவீட்டு டிவியை இரவல் வாங்கிவந்தேன். எனக்கு எல்லாமே ஒரேமாதிரி தெளிவாகத்தான் தெரிந்தன. ஆனாலும் அவர் சொன்னதை நம்பினேன். குறை சிக்னலில் இருக்கிறது என்றால் என்னால் ஏதாவது செய்ய முடியும். வாரம் முழுக்க அதையே யோசித்துக்கொண்டிருக்கலாம். அது உதவியாக இருந்தது.

ஜூன் மாதத்தில் ஒரு ஞாயிறு, திரையின் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு கோடு வரைந்தேன்.

"இது எப்படி இருக்கு?"

"வளைஞ்சிருக்கு. தண்ணிக்குள்ள விட்ட குச்சி மாதிரி."

மர அளவுகோலை எடுத்துத் திரையில் வைத்தேன். கோடு அதன் விளிம்போடு ஒட்டி நின்றது.

"நேராத்தான் இருக்கு, வில்ஃப்."

"அந்த ஸ்கேலும் வளைஞ்சிருக்கு. எங்க வாங்கினே?" என்று சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. கோட்டை அழித்தேன். படத்தைச் சுற்றியுள்ள விளிம்பின் நிறத்தை மட்டும் மாற்றினேன்.

"இப்ப?"

"சுத்தி சிவப்பு."

நடுவில் ஒரு கறுப்புச் சதுரத்தை வைத்தேன். "இப்ப?"

"அதே சிவப்பு. வேற ஒண்ணுமில்லையே."

டிவியை அணைத்தேன். எழுந்துபோய் அவர் முன்னால் நின்றேன்.

"என்னைப் பாருங்க. என்ன தெரியுது?"

"ரெண்டு காது. எப்பவும்போல பெருசா."

"காதுக்கு நடுவுல?"

அவர் தலையைச் சற்று இடப்பக்கம் திருப்பினார். பிறகு வலப்பக்கம். கெட்டிலில் தண்ணீர் கொதித்து அடங்கியது.

"எப்போலேருந்து?" என்றேன்.

"அவளைப் புதைச்ச அன்னிக்கே எல்லாம் கலங்கலாத்தான் இருந்துச்சு. அழுததாலன்னு நினைச்சேன்." முகத்தைக் கையால் துடைத்தார். "பேப்பர்ல எழுத்து தெரியல. மட்டமான மையில அடிக்கிறானுங்கன்னு கடைக்காரன்கிட்ட சண்டை போட்டேன். இங்க டிவிலயும் அதே அழுக்கு. நீதான் ஒவ்வொரு வாரமும் ஏதோ ஒரு ஒயரை மாத்தினியே. அப்ப ஒயர்லதான் கோளாறுன்னு..."

"பாலத்துல எப்படி வர்றீங்க?"

"ஓரத்துக் கம்பியப் பாத்து. ஓரம் நல்லாத் தெரியும்."

அவரே சட்டைப்பையைத் துழாவி கார் சாவியை எடுத்து மேசையில் வைத்தார். பிறகு என் பக்கம் தள்ளினார்.

"நாளைக்குக் கண் ஆஸ்பத்திரிக்குப் போலாம்," என்றேன். "கண்ணுல ஊசி போட்டு, இதுக்கு மேல போகாம நிறுத்தலாம்னு படிச்சிருக்கேன்."

"போனது வருமா?"

"தெரியல."

"தெரியலன்னா வராதுன்னு அர்த்தம்." நாற்காலியில் சாய்ந்தார். "டேப்பைப் போடு."

"ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வந்து..."

"போடுடா. இப்ப இருக்கிறதும் அப்ப இருக்குமோ என்னவோ."

டிவியைப் போட்டேன். கேசட்டை வைத்து ரெக்கார்டரை ஓடவிட்டேன். கீச்சென்ற இரைச்சல் அறையை நிறைத்தது. விளிம்பில் சிவப்பும் வெளிர்நீலமும் ஓடின. பிறகு நீலமும் மஞ்சளும். "அது தெரியுது," என்றார். "கோடு கோடா ஓடுது." நடுவில் படம் மேலிருந்து வரிவரியாக வந்துகொண்டிருந்தது. முதலில் கறுப்பு வெள்ளை. டேப் சிக்கவில்லை. கடைசியில் மேலிருந்து கீழாக நிறங்கள் விழுந்தன. இரைச்சல் நின்றது.

நானும் அதை அப்போதுதான் முதன்முதலாகப் பார்க்கிறேன்.

வில்ஃப் நேராகத் திரையைப் பார்த்தார். கைகள் முழங்காலை இறுகப் பிடித்திருந்தன.

"ஒண்ணுமில்ல," என்றார்.

"நேராப் பாக்காதீங்க. அந்தக் கதவைப் பாருங்க. கண்ணு கதவுலயே இருக்கட்டும். ஓரத்துல என்ன வருதுன்னு சொல்லுங்க."

அவர் முகத்தைக் கதவின் பக்கம் திருப்பினார்.

"சிவப்பா... பெருசா."

"லாரி."

"என் லாரி பச்சைடா."

"அவ சிவப்பு போட்டிருக்கா."

"அவ ரூம்ல இருந்தது கறுப்பு வெள்ளை டிவி. என்ன கலர்னு அவளுக்கே தெரிஞ்சிருக்காது. விசை மேல கலர் பேர் எழுதியிருக்கும், அதைப் பாத்து அமுக்கியிருப்பா." கதவையே பார்த்தபடி பேசினார். "பச்சைய விட்டுட்டு வேற விசையில கைய வச்சிட்டாளோ என்னமோ. வானம் இருக்கா?"

"வெளிர்நீலம்."

"ரோடு?"

"கறுப்பு. நடுவுல வெள்ளைக்கோடு."

"நான்?"

திரைக்குப் பக்கத்தில் போய் நின்றேன். அந்தக் கணினியில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் இரண்டு நிறங்கள்தான் நிற்கும். லாரியின் சிவப்பு, கண்ணாடிக்குள் இருந்த முகத்தின் ஒரு பாதியைத் தின்றிருந்தது. மீதியில் ஒரு மூக்கு, ஒரு கோடு வாய், ஒரு கண். ஸ்டியரிங்கின் மேல் இரண்டு கைகள். கைகளை மட்டும் அவள் பொறுமையாக வரைந்திருந்தாள், விரல் விரலாக.

"இருக்கீங்க. ஸ்டியரிங்கப் புடிச்சிருக்கீங்க."

"எனக்கு வரலியே." கழுத்தை இன்னும் திருப்பினார். நரம்பு புடைத்தது. கண்ணிலிருந்து வழிந்த நீர் மூக்கோரம் இறங்கியது. அவர் துடைக்கவில்லை. "கொஞ்சம் வர்ற மாதிரி இருக்கும், திரும்பிப் பாத்தா போயிடுது. சரி, விடு. நீ சொல்லு. சிரிக்கிறேனா?"

பொய் சொல்ல நேரம் இருந்தது. அவர் கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்ல," என்றேன். "ரோட்டப் பாக்கிறீங்க."