தொண்டையில் ஒன்றுமில்லை

மாட்டின் வாய்க்குள் முழங்கை வரைக்கும் கையை விட்டிருந்தாள் இனியா. மாட்டுக்குச் சொந்தக்காரியான பாவாத்தாள் ஒரு பக்கம் நின்று நாக்கை இழுத்துப் பிடித்திருந்தாள். இனியாவின் அம்மா பொற்கொடி மூக்கணாங்கயிற்றை இறுக்கிக்கொண்டு மாட்டின் கழுத்தில் சாய்ந்து நின்றாள். எச்சில் நூல்நூலாக மூன்று பேர் கைகளிலும் வழிந்தது. சனிக்கிழமையிலிருந்து மாடு சோளத்தட்டைத் தொடவில்லை. தண்ணீர்த் தொட்டியில் வாயை வைக்கிறது, உறிஞ்ச முடியாமல் எடுத்துவிடுகிறது. தொண்டையில் மாங்கொட்டையோ தேங்காய்த் துண்டோ சிக்கியிருக்கும் என்பது பாவாத்தாளின் கணக்கு. இனியாவுக்கும் அப்படித்தான் பட்டது. வெதுவெதுப்பான அந்தச் சுவரை விரல்களால் சுற்றிச் சுற்றித் தடவினாள். எதுவும் தட்டுப்படவில்லை.

"ஒண்ணுமில்லீங்க ஆத்தா. இருந்ததும் உள்ள எறங்கியிருக்கும்."

"நீ பாத்துட்டீன்னா சரிதான், டாக்டரம்மிணி" என்றாள் பாவாத்தாள். மாட்டின் பல் பட்டு அவள் ஆள்காட்டி விரலில் ஒரு கீறல் விழுந்திருந்தது. அதைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

டாக்டரம்மிணி. கிணத்துக்கடவுக்குக் கிழக்கே இருந்த பாவாத்தாளின் தோட்டத்தில் அம்மா பதினேழு வருசமாகச் சாணி அள்ளுகிறாள். சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் இனியா கம்பிவேலிக்கு வெளியேதான் நிற்க வேண்டும். வேலை முடிந்து அம்மா வரும்வரை அங்கேயே நின்று வாய்ப்பாடு சொல்லிப் பார்ப்பாள். இன்று அந்த வேலிக்குள்ளே, மாட்டுக் கொட்டகையான கட்டுத்தறிக்கே அவளைக் கூப்பிட்டு அனுப்பியிருக்கிறார்கள். கால்நடை மருத்துவப் படிப்பில் பரீட்சையெல்லாம் எழுதி முடித்துவிட்டாள், பயிற்சிக் காலம் இன்னும் ஆறு மாதம் பாக்கி. மேலே ஒரு டாக்டர் இல்லாமல் எந்த மாட்டையும் அவள் பார்க்கக்கூடாது. ஞாயிற்றுக்கிழமைக்கு வீட்டுக்கு வந்தவளின் கையில் ஒரு கையுறைகூட இல்லை. 'நான் இன்னும் டாக்டர் ஆகலைங்க, நாளைக்கு ஆஸ்பத்திரிக்குச் சொல்லுங்க' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. பக்கத்தில் நின்ற அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் இருந்ததைக் கலைக்க அவளுக்கு மனம் வரவில்லை.

உப்புத் தண்ணீரில் வாயைக் கழுவிவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் கஞ்சி புகட்டச் சொன்னாள். அதைச் செய்யப்போவது அம்மாதான் என்பது அவளுக்குத் தெரியும்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம், பயிற்சிக்காகப் போயிருந்த பொள்ளாச்சிப் பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் ஆடுகளுக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தபோது அம்மா அழைத்தாள்.

"கண்ணு, மாடு கத்தறது ஒரு தினுசா இருக்குது. செவுத்துல போயி முட்டுது. நீயே கேளு." போனைக் கட்டுத்தறிப் பக்கம் நீட்டியிருப்பாள் போல. மாட்டின் குரலாக அது இல்லை. தொண்டை கட்டிப்போன மனிதர் யாரோ இடைவிடாமல் ஓலமிடுவதைப்போல இருந்தது.

இனியாவின் கையிலிருந்து ஊசிக்குழல் விழுந்தது. இந்தச் சத்தத்தை வகுப்பில் வீடியோவில் கேட்டிருக்கிறாள். தொண்டையில் ஏதோ சிக்கியதுபோல் எச்சில் வடித்து நிற்கும் மாட்டின் வாயில் வெறுங்கையை விடாதீர்கள், முதலில் வெறிநோயைச் சந்தேகப்படுங்கள் என்பது அங்கே சொல்லிக்கொடுத்த பாடம். மூன்றாம் வருசப் பரீட்சையில் இதே கேள்விக்குப் பக்கம் பக்கமாக எழுதி முழு மதிப்பெண் வாங்கியவள் அவள். அன்று ஏன் ஞாபகத்துக்கு வரவில்லை? கட்டுத்தறிக்குள் நின்றபோது அவள் மாட்டைப் பார்க்கவே இல்லை. டாக்டரம்மிணி என்று கூப்பிட்ட வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, கட்டுத்தறியை உட்டு வெளிய வா. தொடாத. யாரையும் தொட உடாத. நான் வாரேன்."

மருந்தகத்தின் டாக்டர் சாமுவேல் எல்லாவற்றையும் நின்றபடியே கேட்டார். குரலை உயர்த்தவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

"உனக்குக் காலேஜ்லயே முன்தடுப்பு ஊசி போட்டிருக்காங்க. இன்னும் ரெண்டு ஊசி போட்டா நீ தப்பிச்சுக்குவே. அவங்களுக்கு?"

"ஒண்ணும் போடல சார்."

"கையில காயம்?"

பாவாத்தாளின் விரல் நினைவுக்கு வந்தது. பிறகு அம்மாவின் கைகள். வெயில் காலம் மழைக் காலம் என்றில்லாமல் வெடிப்பும் அரிவாள் கீறலுமாகவே இருக்கும் கைகள். மூன்று நாளாக அந்தக் கைகள்தான் மாட்டின் வாயைக் கழுவியிருக்கின்றன.

"இருக்குதுங்க சார்" என்றாள்.

காரில் போகும்போது சாமுவேல் ஒரே ஒரு முறை பேசினார். "ரிப்போர்ட்ல நீ மாட்டைப் பார்த்ததை எழுதாம விட முடியாதும்மா. காலேஜ் என்ன முடிவெடுக்கும்னு எனக்குத் தெரியாது. பட்டமே நின்னுபோனாலும் போகலாம்."

"எழுதுங்க சார்" என்றாள். ஜன்னலுக்கு வெளியே தென்னந்தோப்புகள் ஓடிக்கொண்டிருந்தன. பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வந்த நாளிலிருந்து பட்டமளிப்பு அங்கியை நினைக்காமல் அவள் தூங்கியதில்லை. இப்போது அதை நினைத்துப் பார்க்க முயன்றாள். அம்மாவின் விரல்கள்தான் கண்ணில் வந்து நின்றன.

தோட்டத்தில் கட்டுத்தறிக் கதவை வெளியே தாழிட்டிருந்தார்கள். சாமுவேல் ஜன்னல் வழியாகக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திரும்பினார். "வெறிநோய்னு உறுதியாச் சொல்றதுக்கு மாடு செத்து மூளையைச் சோதிக்கணும். அதுவரைக்கும் நாம காத்திருக்க முடியாது. எல்லாரும் இப்பவே ஊசி போட்டுக்கக் கிளம்புங்க. சமீபத்துல நாய் ஏதாவது கடிச்சுதா?"

பாவாத்தாள் இல்லை என்று தலையாட்டினாள். பொற்கொடி மகளின் கையைப் பிடித்து வேப்பமரத்துப் பக்கம் இழுத்துப்போனாள்.

"ஒரு மாசத்துக்கு முன்ன ஒரு நாய் உள்ள பூந்துருச்சு கண்ணு. வேலிப் படலை நாந்தான் சாத்தாம உட்டுப்போட்டேன். மாட்டை மூஞ்சியில கடிச்சுப்போட்டு ஓடிப்போச்சு. மஞ்சத்தூள் அப்பினேன், ஆறிப்போச்சு."

"ஏம்மா சொல்லல? ஞாயித்துக்கெழமை நான் உள்ள கைய உடறப்பக்கூட?"

"சொன்னா வேலையை உட்டு நிறுத்திப்போடுவாங்கல்ல. நீ முடிக்கற வரைக்குமாச்சும் இது இருக்கோணும்னுதான்..."

இனியாவால் கோபப்படக்கூட முடியவில்லை. அம்மா மறைத்ததும் அவள் படிப்புக்காக, அவள் மறைத்ததும் அம்மாவின் முகத்துக்காக. நிமிர்ந்தபோது பாவாத்தாள் நாலு அடி தள்ளி நின்றுகொண்டிருந்தாள். எல்லாம் கேட்டிருக்கிறாள்.

"நாய் கடிச்சத நீ சொல்லல" என்றாள் பொற்கொடியிடம். பிறகு இனியாவிடம், "நீ டாக்டர்தானே?"

"இன்னும் ஆகலைங்க ஆத்தா."

"அன்னைக்கு ஏன் சொல்லல?"

இனியா ஓரடி முன்னால் வர, பாவாத்தாள் கையைக் காட்டித் தடுத்தாள்.

"எனக்கு ஊசியும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். ரெண்டு பேரும் மொதல்ல வெளிய போங்க." பாவாத்தாள் வீட்டுக்குள் போய்விட்டாள்.

பொற்கொடி தலையைக் குனிந்தபடி நின்றாள். "ஆத்தா வராம நான் எப்பிடி கண்ணு வாரது? அவங்களுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா? நான் மட்டும் ஊசி போட்டுக்கிட்டு வந்து உக்காந்திருக்கறதா?"

கட்டுத்தறிக்குள்ளிருந்து மாடு மறுபடி கத்தியது. இனியா செருப்பை உதறிவிட்டு ஓடினாள். இதுவரை கால் வைத்தறியாத வாசற்படியைத் தாண்டி, ஆசாரக் கூடத்தைக் கடந்து, அடுக்களைக்குள்ளேயே போய்விட்டாள். பாவாத்தாள் அடுப்புத் திட்டைப் பிடித்தபடி நின்றிருந்தாள். இனியா அவள் முன்னால் மண்டியிட்டாள்.

"என்னை எங்க வேணும்னாலும் இழுத்துட்டுப் போங்க. காலேஜுக்கு எழுதிப்போடுங்க. நான் டாக்டர் ஆகாமயே போறனுங்க. எங்கம்மாவை இனிமே உள்ள உடவேண்டாம். ஆனா வண்டியில ஏறுங்க ஆத்தா. இந்த நோய் வந்துட்டா மருந்து இல்லீங்க. தாகம் எடுக்கும், தண்ணியப் பாத்தாலே தொண்டை இறுகிக்கும். அப்புறம் யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாதுங்க. நாந்தான் நாக்கைப் புடிக்கச் சொன்னேன். நாந்தான்."

இனியா பாவாத்தாளின் கையை அப்படியே பற்றிக்கொண்டாள். கீறல் இருந்த விரல் அது. பாவாத்தாள் உதறிவிடுவாள் என்று எதிர்பார்த்தாள். உதறவில்லை. அந்தக் கையும் அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. அப்போதுதான் இனியாவுக்குத் தெரிந்தது, அவ்வளவு நேரமும் அது கோபம் இல்லை, பயம்.

குழாயடிக்குக் கூட்டி வந்து சோப்புப் போட்டு அந்த விரலைத் தேய்த்துக் கழுவினாள். பிறகு அம்மாவின் இரண்டு கைகளையும், வெடிப்பு வெடிப்பாக.

"கழுவினாப் போதுமா?" என்று கேட்டாள் பாவாத்தாள், குழந்தை மாதிரி.

"போதாதுங்க."

சாமுவேல் மாட்டுக்குக் காவல் இருந்துகொண்டார். கிணத்துக்கடவு ஸ்டாண்டிலிருந்து ஆட்டோக்காரர் கரீம் வண்டி கொண்டுவந்தார். பின் சீட்டில் மூன்று பேரும் இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

கோயமுத்தூர் பெரியாஸ்பத்திரியில் இனியாவுக்குத் தோளில் ஒரு ஊசி. பாவாத்தாளுக்குக் காயத்து மருந்து ஒரு விரலோடு முடிந்தது. பொற்கொடிக்கு அப்படியில்லை. நர்ஸ் அவள் கையை விளக்குக்கு நேராகத் திருப்பித் திருப்பிப் பார்த்து ஒவ்வொரு வெடிப்பாக எண்ணினார். காயத்துக்குள்ளேயே மருந்தை ஏற்ற வேண்டும். ஊசி இறங்க இறங்க விரல்கள் ஒவ்வொன்றாக உப்பி, தோல் பளபளவென்று இழுத்துக்கொண்டது. பொற்கொடி பல்லைக் கடித்துக்கொண்டு மகளையே பார்த்தாள். "சரியாப்போயிருமா?" என்று இனியா நர்ஸிடம் கேட்டாள். "தேதி தவறாம வந்து எல்லா ஊசியும் போட்டுக்கங்க" என்று மட்டும் சொன்னார் நர்ஸ்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். சாமுவேலிடமிருந்து போன் வந்தது. மாடு படுத்துவிட்டதாம், இனி எழுந்திருக்காதாம். இனியா பாவாத்தாளிடம் சொன்னாள். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"தண்ணி தவிக்குது கண்ணு" என்றாள் பொற்கொடி.

கடையிலிருந்து பாட்டில் வாங்கி வந்தாள். அம்மாவின் விரல்கள் மடங்கவில்லை, பிடிக்க முடியவில்லை. இனியாவே மூடியைத் திறந்து உதட்டில் வைத்துச் சாய்த்தாள். இன்றே எதுவும் வராது, வாரங்கள் ஆகும் என்பது அவளுக்குத் தெரியும். படித்திருக்கிறாள். ஆனாலும் கண்ணை எடுக்க முடியவில்லை. ஒரு மடக்கு. சுருக்கம் விழுந்த கழுத்துக்குள் தொண்டை ஏறி, இறங்கியது. இனியா மூச்சைப் பிடித்துக்கொண்டு, அடுத்த மடக்குக்காகப் பாட்டிலை இன்னும் கொஞ்சம் சாய்த்தாள்.